எரிந்த சான்றிதழ்களும் ஒரு கேக்கும்

ஃபிலிப் கிளாஸை ‘பன்முகக் கலைஞர்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் இடிக்கும். ஆபரா, சிம்பொனி, சினிமா எல்லாம் செய்திருக்கிறார், சரி. ஆனால் எதைப் போட்டாலும் அதே சுழலும் ஆர்பெஜியோதானே? லூப் எழுதியே பிழைக்கிற எனக்கே அலுத்துவிட்டது.

‘சத்யாக்ரஹா’ (1980) காந்தியின் தென்னாப்பிரிக்க வருடங்களைப் பற்றிய ஆபரா. பாடுவதெல்லாம் கீதையின் சமஸ்கிருதம். அதன் இரண்டாம் அங்கம், 1908இல் இந்தியர்கள் பதிவுச் சான்றிதழ்களை எரிக்கும் காட்சியோடு முடிகிறது. ‘தி ஹவர்ஸ்’ (2002) படத்தில், 1951இன் லாஸ் ஏஞ்சல்ஸ் வீடொன்றில், லாரா கணவனின் பிறந்தநாளுக்கு கேக் செய்கிறாள். சவுண்ட்டிராக்கில் கேக்கின் பெயரைத் தாங்கிய துண்டு, அந்த எரிப்புக் காட்சி இசையின் தழுவல்.

தெரிந்தபோது எரிச்சல்தான் வந்தது. பழைய கோடை காப்பி-பேஸ்ட் செய்து டெலிவரி பண்ணிய மாதிரி.

பிறகு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஆபராவில் அந்தச் சுழற்சி ஒரு கூட்டத்தின் உறுதி. லாராவுக்குக் கூட்டம் இல்லை, கையில் மாவு மட்டும்தான். அவளுடைய மறுப்பு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. லூப் அதேதான், இன்புட் மாறிவிட்டது.

எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லை. அதே படத்தில் நடிகர்களின் மௌனத்தை இசை மூடிவிடும் இடங்களும் உண்டு. ஆனாலும் அந்த கேக் காட்சிக்காக, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற என் பழைய தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.