கூத்தும் சோதனையும்: குழந்தையின் பாவைக்காட்சி குறித்த ஒரு திறனாய்வு

குழந்தை உளவியலில் பாவை நெடுங்காலமாக ஆய்வுக்கருவியாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால், பாவைக்கூத்தைக் காணும் குழந்தையின் அனுபவம் அவ்வாய்வுகளில் உரிய இடம் பெறவில்லை. இக்குறை குழந்தையின் அறிவை மதிப்பிடுவதில் ஏற்படுத்தும் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறர் மனத்தை உணரும் ஆற்றல் சிம்பன்சிக்கு உண்டா என்னும் வினாவை 1978இல் பிரிமாக், வுட்ரஃப் ஆகியோர் எழுப்பினர். அதற்கு மறுமொழி எழுதிய மெய்யியலாளர் டேனியல் டென்னட், ஆங்கிலேயரின் ‘பஞ்ச் – ஜூடி’ பாவைக்கூத்திலிருந்து ஒரு சான்று காட்டினார். ஜூடி பெட்டிக்குள் இருப்பதாக எண்ணிய பஞ்ச், அதனைப் பாறை உச்சியிலிருந்து எறிய முற்படுகிறான். அவன் காணாதபோது அவள் தப்பியதைக் கண்டிருந்த சிறுவர்கள் மகிழ்ந்து கூச்சலிடுகின்றனர். பஞ்சின் எண்ணம் பிழையானது என அவர்கள் அறிந்திருப்பதே அக்கூச்சலுக்குக் காரணம் என்பது டென்னட்டின் விளக்கமாகும்.

இத்தகைய சிந்தனையின் தொடர்ச்சியாக விம்மர், பெர்னர் ஆகியோர் 1983இல் பிழைநம்பிக்கைச் சோதனையை வடிவமைத்தனர். மாக்சி வைத்துச் சென்ற சாக்லேட்டை அவன் இல்லாதபோது தாய் இடம் மாற்றுகிறாள். திரும்பிவரும் மாக்சி அதனை எங்குத் தேடுவான் என்பது வினா. நான்கு வயதை எட்டாத குழந்தைகள் பெரும்பாலும் இதில் தவறினர். பொம்மைகளைக் கொண்டு 1985இல் நிகழ்த்தப்பட்ட சாலி – ஆன் சோதனையில் தற்புனைவுடைய (ஆட்டிசம்) 20 குழந்தைகளுள் 16 பேர் தவறினர்.

இங்கு ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. கூத்தில் குழந்தை தானாகவே குரல் எழுப்புகிறது. சோதனையில் வளர்ந்தவர் கேட்கும் வினாவுக்கு விடை கூறுகிறது. எனவே, சோதனை குழந்தையின் புரிதலோடு மொழித்திறனையும் சேர்த்தே அளக்கிறது. ‘முதலில் எங்குத் தேடும்?’ என வினாவைத் தெளிவுபடுத்தியபோது மூன்று வயதினரும் கூடுதலாகச் சரியான விடை கூறினர் என்பதைச் சீகல், பீட்டி ஆகியோரின் 1991ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கூச்சலே புரிதலுக்குப் போதிய சான்று எனவும் கொள்ளவியலாது. அருகிலிருப்போர் கூவுவதால் ஒரு குழந்தை கூவியிருக்கலாம். அடிதடியை எதிர்பார்த்தும் கூவியிருக்கலாம். ஆகவே, கூத்தின் எந்தக் கணத்தில், எந்தப் பாவையை நோக்கி, என்ன சொல்லிக் குழந்தை குரல் எழுப்புகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

தமிழகத் தோற்பாவைக்கூத்து ஆய்வுக்கும் இது பொருந்தும். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் ஆகிய நகைச்சுவைப் பாத்திரங்களின் உரையாடலைப் பதிவு செய்யும் ஆய்வாளர், திரைக்கு முன்னமர்ந்த சிறாரின் குரலையும் வயதுக் குறிப்போடு பதிவு செய்தல் வேண்டும். சோதனையில் ‘தவறியது’ எனக் குறிக்கப்பெறும் குழந்தை, திரைமுன் எதனை அறிந்து சிரித்தது என்பதை அப்பதிவே உணர்த்தும்.