சாயத்துக்குச் சாயமே சாட்சியா?

தாராவிப் பட்டறைகளில் நிறம் பிரித்து அரைத்துக் குவித்திருக்கும் நீலப் பிளாஸ்டிக் சில்லுகளில் பலவற்றுக்கு அந்த நீலத்தைக் கொடுத்தது செம்புத் தாலோசயனின். நடுவில் ஓர் உலோக அணு, அதை நான்கு பக்கமும் பிடித்திருக்கும் நைட்ரஜன்கள், சுற்றிலும் அப்பளம்போல் தட்டையான பெருவளையம். நம் இரத்தத்திலுள்ள ஹீமும் இந்த வளையத்துக்குப் பங்காளிதான். அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் புரதம் நூல் நூலாகத் திரண்டு அமிலாய்டு ஆவதைத் தடுக்க இந்தப் பெருவளையங்கள் உதவுமா என்று ஆய்வகங்கள் பார்த்துவருகின்றன. உதவும் என்று சொல்பவர்களுக்குக் குறைவில்லை. எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

புரதம் திரள்வதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. புரதத்தின் ஹிஸ்டிடினை உலோகத்தால் பற்றிக்கொள்வது ஒன்று. கோபால்ட் ஏந்திய சைக்ளென் வளையத்தால் புரதத்தையே வெட்டுவது, கொரியாவின் சுஹ் குழுவினர் முயன்ற வழி. மூன்றாவதுதான் செழித்தது: தட்டை வளையம் புரதத்தின் வளைய அமினோ அமிலங்கள்மேல் படிந்து, அவை ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்வதைக் கெடுக்கிறது. அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் ஃபெர்னாண்டஸ் குழுவினர், சல்ஃபோனேற்றிய தாலோசயனின், பார்க்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதத்தின் 39ஆம் இடத்து டைரோசினருகே ஒட்டுவதைக் காட்டினர். பிரியோலா, காஹி ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேல்: பிரியான் தொற்றிய சுண்டெலிகளுக்கு இவ்வகை வளையங்களை நோய் தெரியுமுன்பே கொடுத்தபோது ஆயுள் நீண்டது. நோய் முற்றியபின் வரும் மனிதருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பது வேறு.

பெரும்பாலான சோதனைகளில் அளவுகோல் தயோஃப்ளேவின்-டி. அதுவும் சாயமே. நூல் திரண்டால் ஒளிரும், திரளாவிட்டால் மங்கும். அதைத் தூண்டும் ஒளி 440 நானோமீட்டரை ஒட்டியது. ஹீமின் இனமான போர்ஃபிரின் வளையங்கள் வெறியோடு விழுங்குவதும் ஏறத்தாழ அந்தப் பக்கத்து ஒளியைத்தான். சோதனைத் தட்டின் குழியில் போட்ட மருந்தே வெளிச்சத்தைக் குடித்துவிட்டால், நூல் கொழுத்துக் கிடந்தாலும் வரைகோடு தரையோடு படுத்திருக்கும். அமிலாய்டு என்ற பெயரே இப்படி வண்ணத்தில் ஏமாந்து வந்ததுதான். 1854இல் ஜெர்மன் மருத்துவர் விர்கோ அயோடின் நிறத்தை நம்பி அதை மாவுப்பொருள் என்றார். மலிவான, விரைவான முதல் சல்லடை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் சல்லடை தீர்ப்பெழுதக் கூடாது. சுழற்றிப் படியவைத்து மேல்நீரில் எஞ்சிய புரதத்தை அளக்கட்டும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நூலைப் பார்க்கட்டும், செல்கள் பிழைக்கின்றனவா என்றும் சொல்லட்டும். நூல் குறைந்து, அதைவிட நச்சான சிறு திரள்கள் பெருகினால் என்ன லாபம்? எல்லா அமிலாய்டும் பகையும் அல்ல: பவாய் ஐ.ஐ.டி.யின் சமீர் மாஜி முதலாசிரியராக இருந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு, பிட்யூட்டரி ஹார்மோன்கள் பல அமிலாய்டு போன்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன என்று காட்டியது. ஆகவே, வண்ணமுள்ள வளையத்துக்கு ஒளிர்வு வரைகோட்டை மட்டும் காட்டும் கட்டுரையை, அது எந்த இதழில் வந்திருந்தாலும், நான் கணக்கில் சேர்ப்பதில்லை.