மிக நெருங்கிய எண்ணைத் தேடுதல்: காலணி அளவு அட்டவணையை முன்வைத்து

தரவுத்தள அட்டவணையில் ஓர் எண்ணுக்கு மிக நெருங்கிய மதிப்பைக் கண்டறிய மாணவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லித்தரப்படும் வழி இது: ஒவ்வொரு வரிசையின் மதிப்புக்கும் தேடும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தின் தனி மதிப்பைக் கணக்கிட்டு, ஏறுவரிசையில் அடுக்கி, முதல் வரிசையை எடுப்பது. எஸ்கியூஎல் மொழியில் இதை ஒரே வினவலில் எழுதிவிடலாம். எளிமைதான் இதன் சிறப்பு. ஆனால் ஆம்பூர் போன்ற ஊர்களில் தயாராகும் காலணிகளின் அளவு அட்டவணையில் இதைப் பயன்படுத்தினால் குறைகள் தெளிவாகும்.

பிரிட்டிஷ் முறையில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.47 மி.மீ. ஐரோப்பிய முறையில் சுமார் 6.67 மி.மீ. எனவே பாதத்தின் நீளம் பெரும்பாலும் இரண்டு அளவுகளுக்கு நடுவில்தான் விழும்.

திசை: ஒவ்வோர் அளவும் ஏற்கும் அதிகபட்சப் பாத நீளம் அட்டவணையில் 248, 257 என இருப்பதாகக் கொள்வோம். 252 மி.மீ. பாதத்துக்கு வினவல் 248ஐத் தரும்; வித்தியாசம் 4 மட்டுமே. கணக்கு சரி, காலணி விரலை நெரிக்கும். இங்கே தேட வேண்டியது 252க்குக் குறையாத மதிப்புகளில் மிகச் சிறியதை.

சமநிலை: அட்டவணையில் 240, 250 இருந்து, தேடுவது 245 என்றால் இரண்டும் ஒரே தூரம். இரண்டாவது வரிசைப்படுத்தும் விதி இல்லாவிட்டால் எது வரும் என்பதற்கு உறுதி இல்லை.

வெற்று மதிப்பு: மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவை ஏறுவரிசையில் வெற்று மதிப்புகளை முதலில் வைக்கும். நிரப்பப்படாத வரிசையே விடையாக வந்துவிடலாம்.

வேகம்: தனி மதிப்பை எல்லா வரிசைகளுக்கும் கணக்கிடுவதால், அந்த நெடுவரிசையில் உள்ள வழக்கமான இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். தேடும் எண்ணுக்குச் சமமான அல்லது மேலான மதிப்புகளில் சிறியது, கீழான மதிப்புகளில் பெரியது என இரண்டை மட்டும் இண்டெக்ஸ் வழியே எடுத்து ஒப்பிடுவது பெரிய அட்டவணைக்கு ஏற்றது.

இவை திருத்தக்கூடிய குறைகள். ஒரே எண்ணை வைத்துப் பொருத்தம் பார்ப்பது இன்னும் அடிப்படையான குறை. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. அவை ஐரோப்பியப் பாதங்களைவிட அகலமானவை என்று அந்த ஆய்வு காட்டியது. நீளத்தில் மிக நெருங்கிய காலணியும் அகலத்தில் பொருந்தாமல் போகலாம். எந்த நெடுவரிசையில், எந்தத் திசையில் நெருக்கம் வேண்டும் என்று முடிவு செய்த பிறகே வினவலை எழுத வேண்டும்.