வட்டம் எப்போதும் சிவப்பா?

கடைகளில் விற்கும் வடிவப் பெட்டிகள் பலவற்றில் வட்டக் கட்டை சிவப்பு, சதுரம் நீலம், முக்கோணம் மஞ்சள். துளையின் விளிம்பிலும் அதே நிறம் தீட்டியிருக்கும். இரண்டு வயதுக் குழந்தை மளமளவென்று எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிடுகிறது, வீடே கைதட்டுகிறது. அந்தக் குழந்தை பார்த்தது மூலையையா, நிறத்தையா? பெட்டியே விடையைக் காட்டிக் கொடுத்துவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை.

1907இல் ரோம் நகரின் சான் லொரென்ஸோவில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்த மரியா மாண்டிசோரியின் கருவிகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அவருடைய நிறப் பலகைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். நிறம் மட்டும் மாறும். முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே ஜோடிகள். வடிவப் பலகைகளிலோ நிறம் மாறாது. கட்டை குழிக்குள் இறங்காவிட்டால் தவறு குழந்தைக்கே புரிந்துவிடும். யாரும் அதட்ட வேண்டியதில்லை. இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து அவரே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். ஆனால் மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை மாட்டுவதால் மட்டும் அந்த ஒழுங்கு வந்துவிடாது. அசல் கருவிகளின் விலையும் எளிய குடும்பங்களுக்கு எட்டாதது.

காசில்லாத ஆட்டமும் இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் ஆடும் 'கலர் கலர்' ஆட்டத்தில், பிடிப்பவர் ஒரு நிறத்தைச் சொன்னதும் மற்றவர்கள் ஓடிப்போய் அந்த நிறத்தைத் தொட வேண்டும். பச்சை என்றால் ஒருத்தி வேப்பிலையைத் தொடுவாள், ஒருவன் கேட் கம்பியைப் பிடிப்பான், இன்னொருத்தி தோழியின் பாவாடையைப் பற்றிக்கொள்வாள். இத்தனை சாயலும் பச்சைதான் என்பது ஓடுகிற ஓட்டத்திலேயே பதிகிறது. பிளாஸ்டிக் கட்டை இதைத் தராது. குறை என்னவென்றால், நிறப்பெயர் தெரியாத சின்னது ஒப்புக்குச் சப்பாணியாக அக்கா பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நிறப்பெயர் பிடிபட நாளாகும். தம் பிள்ளைகள் நிறங்களை மாற்றி மாற்றிச் சொன்னதைக் கண்டு, அவர்களுக்கு நிறக்குருடோ என்று சார்லஸ் டார்வினே ஐயப்பட்டார். 1877இல் அதை எழுதியும் வைத்தார். மைக்கேல் ராம்ஸ்கர் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 'சிவப்புப் பந்து' என்பதைவிட 'பந்து சிவப்பு' என்ற வரிசை கூடுதலாக உதவியது. பொருளை முதலில் பிடித்துக்கொண்டால் அதன் நிறத்தைக் கவனிப்பது சுலபம். 'பந்து சிவப்பா இருக்கு பாரு' என்று சொல்வது நமக்கும் இயல்பாக வருவதுதான்.

விளையாட்டு கெடுவது கேள்வித்தாளாக மாறும்போது. விருந்தாளி வந்ததும் "இது என்ன கலர்? மாமாவுக்குச் சொல்லு" என்று நிறுத்தி வைத்துக் கேட்டால், குழந்தை தேடுவது நிறத்தை அல்ல, பெரியவர் முகத்தில் தெரியும் விடையை.

வடிவத்தில் இன்னொரு கோளாறு. பொம்மையிலும் படப் புத்தகத்திலும் முக்கோணம் பெரும்பாலும் மூன்று பக்கமும் சமமாக, அடிப்பக்கம் தரையில் படிய நிற்கிறது. அதையே பார்த்து வளரும் பிள்ளை, ஒல்லியாகச் சாய்ந்த முக்கோணத்தைக் காட்டினால் 'இல்லை' என்று தலையாட்டிவிடும். புதுப் பொம்மை வாங்குமுன், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து ஒல்லி, குண்டு, சாய்ந்தது என்று நாலைந்து முக்கோணங்களை வெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் பூசிக் கொடுத்துப் பாருங்கள்.