கடைசி அத்தியாயம் யார் கையில்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் இறங்கி வேறு பேருந்து மாறி, வளப்பூர் நாட்டில் இருக்கும் என் பழைய மாணவியின் வீட்டுக்குச் சென்ற மார்கழியில் போனேன். கொல்லிமலையின் 14 நாடுகளில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிற நாடு அது. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. காபி கொடுத்துவிட்டு உள்ளே போனவள் ஓர் அரிசிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்த சின்னச் சின்னப் புத்தகங்கள் கிடந்தன. மொத்தம் 19 தலைப்புகள். எல்லாம் அவள் எழுதிய துப்பறியும் கதைகள்.

"இதோட முடிச்சுட்டேனுங்கம்மா" என்றாள்.

கல்லூரி விடுதியில் தொடங்கியது அந்தத் தொடர். மலையில் வீடு வீடாகப் போகும் கிராமச் செவிலியர்தான் அதில் துப்பறிகிறவர். காவலர் நுழைய முடியாத அடுப்படிக்குள் அவரால் நுழைய முடியும். யாருக்கு எத்தனை மாதம், யார் எந்த மாத்திரையை விழுங்காமல் துப்புகிறாள், யார் முதுகில் தழும்பு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விடுதிப் பெண்கள் கை மாற்றிப் படித்தார்கள். பிறகு நாமக்கல்லில் ஒரு கடையில் நகலெடுத்து 20 ரூபாய்க்கு விற்றாள். இரண்டு வருடங்களுக்கு முன் நானே ஒரு பதிப்பகத்தில் பேசிப் பார்த்தேன். செலவில் பாதியை அவள் தர வேண்டும், செவிலியரை ஆண் இன்ஸ்பெக்டராக மாற்ற வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் வந்தன. "நானே போட்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதனால்தான் எழுத்தை விடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டும்விட்டேன். "கல்யாணத்துக்காக நிறுத்தலைங்கம்மா. நிறுத்தறது வேற, முடிக்கறது வேற இல்லீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியோடு மலை இறங்கினேன். இந்தக் கட்டுரை அதற்கான பதில் முயற்சி.

தமிழில் பெண்கள் எழுதியவற்றில் நின்றுபோனவை ஏராளம். பிரசவத்தில் நின்றவை, இடமாற்றத்தில் நின்றவை, கணவனின் ஒரு பார்வையில் நின்றவை என்று நம் எல்லோரிடமும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் ஒரு பெண் தன் எழுத்தைத் தானே முடித்தாள் என்று சொல்லக் குறைந்தபட்சம் ஒன்று வேண்டும்: எப்போது, எதை, எப்படி அச்சிடுவது என்பது அவள் கையில் இருக்க வேண்டும். இந்த இடத்தில் வை.மு.கோதைநாயகி அம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம் ஆனது. முதல் படைப்பான 'இந்திர மோஹனா' நாடகத்தைத் தோழி ஒருவரிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற வடுவூர் கே.துரைசாமி ஐயங்காரின் ஊக்கத்தோடு, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925-ல் ஏற்று நடத்தத் தொடங்கினார். தன் முதல் நாவல் 'வைதேகி'யை அதிலேயே தொடராக வெளியிட்டார். பின்னர் சொந்த அச்சகமும் வைத்தார். 115 நாவல்கள் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் எழுதினார். நாவலை எழுதியவர், இதழின் ஆசிரியர், வெளியீட்டாளர் மூவரும் ஒரே பெண். இன்று 'சுயபதிப்பு' என்று உதட்டைச் சுழிக்கிறோமே, அதைத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு தொழிலாகவே செய்தார்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவருக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கினேன். அதுவும் ஒரு பட்டியலுக்குள். 'வெகுஜன எழுத்து' என்ற சொல்லை வைத்துக் கடந்துவிட்டேன். பாடத்திட்டக் குழுவில் இருந்த காலத்தில், ஒரு பெண்ணின் சிறுகதைத் தொகுப்பைச் சொந்தப் பதிப்பு என்ற காரணத்துக்காகவே படிக்காமல் ஒதுக்கியும் இருக்கிறேன். என் முதல் கவிதைத் தொகுப்புக்கு நான் பணம் கொடுத்தேன் என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பதிப்பாளர் பெயர் அட்டையில் இருந்தால் இலக்கியம், எழுதியவளின் வீட்டு முகவரி இருந்தால் ஆசை என்று ஒரு தீண்டாமையை நானும் கடைப்பிடித்தேன்.

சரி, அச்சு கையில் இருந்ததால் வை.மு.கோ. என்ன முடிவுகளை எழுதினார்? இங்கே பெண்ணிய வாசகி தயங்காமல் இருக்க முடியாது. மதுவின் கேட்டையும் பெண்களின் துயரத்தையும் அவர் விடாமல் எழுதினார். சீர்திருத்தம் பேசினார். ஆனால் மர்மம் அவிழும் இடத்தில் பெரும்பாலும் குடும்பம்தான் மீட்கப்படுகிறது. தீயவர் திருந்துகிறார், பிரிந்தவர் சேர்கிறார், பெண் தன் பொறுமைக்குப் பரிசு பெறுகிறாள். இதழ் அவருடையது, அச்சு அவருடையது, முடிவு மட்டும் வழக்கத்தினுடையது. இதைக் குறையாகச் சொல்லி நிறுத்திக்கொள்வதும் நேர்மையாகாது. ஒவ்வொரு மாதமும் சந்தாதாரர் வீட்டுக்குள் போக வேண்டிய இதழ் அது. பெரும்பாலான வீடுகளில் சந்தாவுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தவன் ஆண். படித்தது பெண்ணாக இருந்தாலும் கதவைத் திறந்துவிட்டவனுக்கும் முடிவு பிடிக்க வேண்டியிருந்தது.

அவருடைய தொடர் ஓட்டத்தின் முடிவோ அவர் எழுதியதல்ல. 1956-ல் ஒரே மகனை இழந்தார். அந்தத் துக்கம் அவரை உடைத்துவிட்டது. 1960-ல் இறந்தார். அவருடைய 'தயாநிதி' நாவல் 1966-ல் 'சித்தி' என்ற படமாகி வெற்றி பெற்றபோது பார்க்க அவர் இல்லை. 115 நாவல்களை முடித்தவரின் எழுத்து வாழ்க்கை, என் மாணவியின் சொல்லில், நின்றுதான் போனது.

மேற்கில் நீண்ட மர்மத் தொடர்களின் கதை வேறு வகையில் இதையே சொல்கிறது. கோனன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவிப் பள்ளத்தில் தள்ளி முடித்தார். வாசகர்களும் இதழ்களும் விடவில்லை. 1903-ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். அகதா கிறிஸ்டி இதைவிடச் சாமர்த்தியக்காரி. பொய்ரோவின் கடைசிக் கதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி, அதன் உரிமையை மகளுக்கு எழுதிவைத்துப் பூட்டிவிட்டார். அது வெளிவந்தது 1975-ல். முடிவைச் சொத்துபோல் பத்திரப்படுத்திய பெண் அவர்.

அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டனின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. விவாகரத்துக்குப் பின் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில், முன்னாள் கணவனை அரளி கொடுத்துக் கொல்வதாகக் கற்பனை செய்துகொண்டே படுத்திருக்கிறார். செய்ய முடியாததை எழுதினார். 1982-ல் வந்த முதல் நாவல், கணவனை அரளியால் கொன்றதாகச் சிறைக்குப் போய் மீண்ட மனைவி, உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு பெண் துப்பறிவாளரை அமர்த்துவதில் தொடங்குகிறது. அரளி விதையை அரைப்பது என்றால் என்னவென்று தெரியாத தமிழ்ப் பெண் உண்டா? நம் ஊரில் அது பெரும்பாலும் தனக்குத்தானே அரைத்துக்கொள்வது. கிராஃப்டன் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாவலாக 35 ஆண்டுகள் எழுதி, கடைசி எழுத்துக்கு முந்தியதோடு 2017-ல் இறந்தார். வேறு யாரும் தன் பெயரில் எழுதக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்ததால், அகரவரிசை அந்த எழுத்தோடு முடிந்தது என்று குடும்பத்தினர் அறிவித்தனர். மரணம் நிறுத்தியதை அவருடைய மறுப்பு முடிவாக மாற்றிவிட்டது.

இனி வளப்பூர் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த 19 கதைகளையும் வீட்டுக்கு எடுத்துவந்து படித்தேன். அடுக்களை வழியாகத் துப்புத் துலக்கும் முறை புதியது. பழைய தமிழ்த் துப்பறியும் கதைகளில் திகம்பர சாமியாரும் ஆனந்த சிங்கும் வெளியிலிருந்து வருகிறவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள். இந்தச் செவிலியர் உள்ளூர்க்காரி. தவறாகச் சந்தேகித்தால் மறுநாளும் அதே வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டியவர். கதைகளுக்குப் பதற்றம் தருவது அதுதான். குறைகளும் உண்டு. நடுவில் வரும் நான்கைந்து கதைகள் ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கின்றன. துப்புகள் கடைசிப் பக்கத்தில் வந்து கொட்டுகின்றன.

எண்ணிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. 19 கதைகளில் 11-ல் குற்றவாளி பெண். மாமியார், இரண்டாம் மனைவி, மந்திரக்காரி என்று பெயர் வாங்கிய கிழவி. தொலைபேசியில் கேட்டேன்.

"அதைத்தான் நானும் எண்ணினேனுங்கம்மா. நம்பவே முடியாத ஆள் கொலை பண்ணியிருக்கணும். படிக்கிறவங்க அதைத்தான் கேக்கறாங்க. எங்கூர்ல நம்பவே முடியாத ஆள்னா பொம்பளைதான். யோசிச்சு யோசிச்சு அவகிட்டயே போய் நிக்குது. அதான் முடிச்சுட்டேன்."

கொல்லிமலையில் பிறந்தவள் இதைச் சொன்னாள் என்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பரணரும் கபிலரும் கொல்லிப் பாவையை அழகுக்கு உவமையாகப் பாடினார்கள். தெய்வம் எழுதிய பாவை அது. பின்னால் வளர்ந்த கதையில் அதே பாவை சிரித்து மயக்கிக் கொல்லும் பொறியாகிவிட்டது. முனிவர்களைக் காக்க ஆள்களைக் கொல்லச் செய்துவைத்த பதுமை. செய்துவைத்தவர்கள் யாரென்று கேட்க மாட்டோம். கொன்றவள் அவள் என்று மட்டும் சொல்வோம். வகுப்பில் 20 வருடமாக இந்தக் கதையைச் சுவையாகச் சொல்லிவந்திருக்கிறேன். அவள் என் வகுப்பில் உட்கார்ந்து இதைக் கேட்டவள்தான்.

அவளுடைய 19-ஆவது கதையில் கொலையே இல்லை. ஒரு கிழவியின் நிலப் பத்திரம் காணாமல் போகிறது. ஊர் முழுக்க மருமகளைச் சந்தேகிக்கிறது. செவிலியர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். எடுத்தவன் மகன். கிழவிக்கு அது முதலிலேயே தெரியும். செவிலியர் தன் குறிப்பேட்டை அந்த மருமகளிடம் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போகிறார். துப்பறியும் கதையாகப் பார்த்தால் தொடரிலேயே பலவீனமானது இதுதான். மர்மம் பாதியிலேயே விளங்கிவிடுகிறது. ஆனால் தன் 11 பெண்களையும் திரும்பப் பார்த்த ஒருத்தி எழுதிய முடிவு அது. ஒரு பதிப்பகம் இருந்திருந்தால் 20-ஆவது கதையைக் கேட்டிருக்கும். வாங்கிய முன்பணம் அவளை எழுத வைத்திருக்கும். ஸ்டேப்ளர் அவளுடையது என்பதால் அவளால் முடிக்க முடிந்தது.

இதைப் பெரிய விடுதலையாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. வை.மு.கோ.வுக்குத் திருவல்லிக்கேணி இருந்தது, துணைநின்ற கணவர் இருந்தார், சாதி திறந்துவிட்ட கதவுகள் இருந்தன. மலையாளிப் பழங்குடிப் பெண்ணான என் மாணவிக்கு ஒரு நகலெடுக்கும் கடையும் விடுதித் தோழிகளும் இருந்தார்கள். அவள் எழுதியவை எந்த நூலகத்திலும் இல்லை. சாக்கு நனைந்தால் போய்விடும். சுயபதிப்பு ஒரு பெண்ணுக்கு முடிக்கும் உரிமையைத் தருகிறது, நிலைத்திருக்கும் உரிமையைத் தருவதில்லை. அது வாசிக்கிறவர்களும் கற்பிக்கிறவர்களும் தர வேண்டியது. நான் தர மறுத்தது.

தை கடந்துவிட்டது. இந்தப் பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்புகள் கொடுக்கும்போது ஒரு மாணவிக்கு 'ஜகன்மோகினி'யைக் கொடுத்தேன். இன்னொருத்திக்கு அந்த 19 புத்தகங்களை. "பதிப்பு விவரம் என்னன்னு போடறதுங்கம்மா?" என்று அவள் கேட்டாள். ஆசிரியர் வெளியீடு, வளப்பூர் நாடு என்று போடச் சொன்னேன்.