காற்று நுழையும் சுவர்

பொன்முடி அடிவாரத்தில், விதுரா பக்கமாக ஒரு சிறு மருத்துவமனை கட்டுவதென்றால் என் ஓட்டு ஜாலிச் சுவருக்குத்தான். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கும் அந்த முறையைத் திருவனந்தபுரத்தின் அடையாளமாகவே ஆக்கியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் பித்தோராகர் மலையில் மருத்துவமனை நடத்தியவர் அவர். நோயாளிக்குக் காற்றும் வெளிச்சமும் எவ்வளவு தேவை என்பதை அருகிருந்து பார்த்தவர். கண்ணாடி போட்டு மூடிய அறையில் மின்சாரம் போனால் காற்றும் போய்விடும். ஜாலிக்கு அந்தக் கவலை இல்லை. பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வும், உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளிலேயே காற்றோட்டம் அதிகம் என்றது. காசநோய் போலக் காற்றில் பரவும் தொற்றுக்கு இது பெரிய விஷயம்.

கொசு வருமே, சாரல் அடிக்குமே என்பார்கள். நியாயம்தான். உட்புறம் வலை, வெளியே நீண்டு இறங்கும் ஓட்டுக்கூரை இரண்டும் இல்லாத ஜாலி இந்த மழைநாட்டில் வெறும் ஓட்டை. அறுவை அரங்குக்கு ஜாலி கூடவே கூடாது. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல்வழி மரங்களைப் பார்த்த நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் பார்த்தது, வேடிக்கைதான், செங்கல் சுவரை! ஆகவே கட்டிலில் படுத்தவரின் கண்மட்டத்தில் மலை தெரியும் ஜன்னல் இருக்கட்டும். ஜாலி அதற்கு மேலும், தாழ்வாரத்திலும், துணைக்கு வந்தவர்கள் காத்திருக்கும் திண்ணையிலும்.