நிலமும் சட்டமும்: ஹௌட்டன் மாளிகைச் சிற்பக் காட்சியும் நிழற்படக் கலையும்

இங்கிலாந்தில் நிழற்படக் கழகத்தார் பழைய பெருமாளிகைகளுக்கு ஒரு நாட் செலவு மேற்கொண்டு, ஆங்கு நிகழும் கலைக்காட்சிகளைப் படமெடுத்து மீளுதல் வழக்கம். அங்ஙனம் எடுக்கப்பெறும் படம் கலைப்பொருளின் வெறும் படியா, அன்றித் தனக்கெனப் பொருளுடைய திறனாய்வா? நார்ஃபோக் பகுதியிலுள்ள ஹௌட்டன் மாளிகையில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நிகழ்ந்த ஆண்டனி கார்ம்லியின் ‘டைம் ஹொரைசன்’ என்னும் சிற்பக் காட்சி இவ்வினாவை ஆராயத் தக்க களமாகும்.

அக்காட்சியில் 100 வார்ப்பிரும்பு உருவங்கள் ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பில் நிறுத்தப்பெற்றன. அவை சிற்பியின் உடலிலிருந்தே அச்செடுக்கப்பெற்றவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 620 கிலோ எடையுடையது. எனினும், அவற்றின் சிறப்பு உருவில் இல்லை. நிறுத்திய முறையில் உளது. நூறும் ஒரே கிடைமட்டத்தில் அமைந்தன. அம்மட்டத்தை வரையறுத்தது மாளிகையினுள் நின்ற ஓர் உருவமாகும். ஆதலின், நிலம் உயர்ந்த இடத்தில் உருவம் மார்பளவோ தலையளவோ புதைந்து நின்றது. நிலம் தாழ்ந்த இடத்தில் கற்காரைத் தூணின்மேல் ஓங்கி நின்றது. உருவங்கள் நிலைபெற்று நிற்ப, ஏறி இறங்குவது நிலமே என்பது நடந்து காண்பார்க்கு மெல்ல விளங்கும்.

நிழற்படக் கலைஞர் பலரும் இத்தகைய இடத்தில் ஓர் உருவத்தைத் தேர்ந்து, பின்புலத்தை மங்கச் செய்து, அதனை மட்டும் தெளிவுறக் காட்ட விழைவர். மக்கள் உருவப்படத்திற்கு ஏற்ற இம்முறை இப்படைப்பிற்கு ஏலாது. புதைந்த தலை ஒன்றே படத்தில் தோன்றின், காண்போர் அதனை மண்ணுள் அழுந்தினான் ஒருவனது அவலம் எனக் கொள்வர். சிற்பியின் அமைப்பிலோ அஃது அவ்விடத்து நிலத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல். அகப்பாட்டில் முதற்பொருளை நீக்கி உரிப்பொருளை மட்டும் எடுத்துரைப்பின் நேரும் குறை போன்றது இது.

‘படம் ஒரு நினைவுக் குறிப்பே, அதனிடம் இத்துணை எதிர்பார்த்தல் மிகை’ என்பாரும் உளர். அம்மாளிகையின் வரலாறே அவர்க்கு விடை கூறும். இராபர்ட் வால்போல் ஆங்குத் தொகுத்த ஓவியங்களுள் இருநூற்றுக்கு மேற்பட்டவை 1779இல் உருசியப் பேரரசி காதரீனுக்கு விற்கப்பெற்றன. ஏறத்தாழ 70 ஓவியங்கள் 2013இல் ஒரு காட்சிக்காக மட்டுமே மீண்டு வந்தன. இடைப்பட்ட காலத்தில் அத்தொகுதியை ஆங்கில மக்கட்கு நினைவூட்டியவற்றுள் ஜான் பாய்டெல் 1788இல் வெளியிட்ட அச்சுப்படங்கள் குறிப்பிடத்தக்கவை. ஓவியம் தனக்கெனச் சட்டம் உடையது. ஆதலின், அச்சுப்படம் அதனை ஒருவாறு காக்க வல்லதாயிற்று. 2024ஆம் ஆண்டுக் காட்சியோ சட்டமற்றது. அது கலைக்கப்பெற்றபின் அவ்விடத்து அமைப்பிற்குச் சான்றாய் எஞ்சுவன பெரும்பாலும் படங்களே. சான்று பிறழின், படைப்பும் பிறழவே உணரப்படும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. படக்கருவியை உருவங்களின் தலை மட்டத்தில் வைப்பின், அண்மையன, சேய்மையன என்னும் வேறுபாடின்றித் தலைகள் யாவும் தொடுவான வரியிலேயே அமையும். படைப்பின் இலக்கணம் ஒரே பார்வையில் புலனாம். எனினும், 300 ஏக்கர் ஒரு சட்டத்துள் அடங்காது. ஈண்டே கழகமாகச் செல்வதன் பயன் உளது. பதின்மர் பத்து இடங்களில் அம்மட்டத்திலேயே நின்று எடுத்த படங்களை வரிசைப்படுத்தின், ஒருவரது ஒரு படம் காட்டலாகாத நில அசைவு வெளிப்படும். அழகிய தனிப்படங்கள் பத்தும் படிகளே. அவ்வரிசை ஒன்றே திறனாய்வு.